உயிரிப் பொருள்களால் நீர்த் தூய்மை: ஆலைக் கழிவுநீரே உரைகல்

நீரில் கரைந்துள்ள உலோகங்களையும் சாயங்களையும் உயிரிப் பொருள்கள் தம் பரப்பில் பிடித்து வைப்பது உயிரிப் பரப்புக் கவர்ச்சி எனப்படும். கடற்பாசி, பூஞ்சை, ஈஸ்ட், தென்னை நார்க்கழிவு, இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. செல் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. உலர்ந்த பொருளே போதும். ஆகவே ஊட்டம் தர வேண்டியதில்லை. கழிவுநீரின் நச்சும் தடையாகாது. கார்பாக்சில், அமீன், பாஸ்பேட், சல்பேட் தொகுதிகளே வேலையைச் செய்கின்றன. சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளில் ஆல்ஜினேட் மிகுதி. அதன் கார்பாக்சில் தொகுதிகள் தம்மிடமுள்ள கால்சியத்தை விட்டு ஈயத்தையும் காட்மியத்தையும் ஏற்கின்றன; பெருமளவில் இது அயனிப் பரிமாற்றமே.

மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் செசோசும் வோலெஸ்கியும் ஆய்ந்து, ரைசோபஸ் அர்ரைசஸ் பூஞ்சை யுரேனியத்தையும் தோரியத்தையும் கவர்வதை 1981இல் வெளியிட்டனர். பின்னர் ஆல்காசார்ப், பயோகிளெய்ம் போன்ற வணிகப் பொருள்களும் வந்தன. ஆயினும் செயற்கை அயனிப் பரிமாற்றப் பிசின்களின் இடத்தை அவை பிடிக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் பெருகிய அளவுக்குச் செயல்படும் நிலையங்கள் பெருகவில்லை. இந்த இடைவெளிக்கு அளக்கும் முறையும் ஒரு முக்கியக் காரணம்.

வாலைவடிநீரில் ஒரே உலோக உப்பைக் கரைத்து, குடுவையில் குலுக்கி, லாங்மியர் பரப்புக் கவர்ச்சிச் சமன்பாட்டின்படி கணித்த பெருமக் கொள்ளளவையே பல கட்டுரைகள் முடிவாகத் தருகின்றன. அது உலோகம் செறிந்த கரைசலுக்குரிய எண். சுத்திகரிப்பு நிலையத்துக்கோ வெளியேறும் நீரில் மிஞ்சும் சிறு அளவே கணக்கு. ஆகவே, குறைந்த செறிவில் கவர்ச்சி வளைகோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதே முதலில் தெரிய வேண்டும். உண்மைக் கழிவுநீரில் கால்சியமும் மக்னீசியமும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். திருப்பூர்ச் சாயக் கழிவுநீரில் சோடியம் உப்பு மிகுதி. தூய கரைசலில் கண்ட எண்ணை அங்கே அப்படியே ஏற்க முடியாது.

குரோமியம் இன்னும் கவனம் கோருகிறது. தோல் பதனிடுதலில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் திடக்கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கலந்ததோ அதைவிட நச்சான ஆறு இணைதிறன் குரோமியம். பிஎச் 2 அளவில் உயிரிப் பொருளைச் சேர்த்ததும் பின்னது கரைசலிலிருந்து மறைகிறது. இதைப் பரப்புக் கவர்ச்சி என்றே பல ஆய்வுகள் பதிவு செய்தன. உண்மையில் அதில் பெரும்பகுதி மூன்று இணைதிறனாக ஒடுக்கப்படுகிறது. ஒரு பங்கு நீரிலேயே தங்கிவிடுகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு இந்திய வரம்பு, ஆறு இணைதிறனுக்கு லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்தக் குரோமியத்துக்கு 2 மி.கி. இரண்டையும் அளக்காத ஆய்வு எதை நீக்கியது என்று சொல்ல முடியாது.

அடுத்த சோதனை, உயிரிப் பொருளை நிரப்பிக் கழிவுநீரை இடைவிடாமல் செலுத்தும் தொடரோட்டத் தூண். பாசி நீரில் ஊதி ஓட்டத்தை அடைக்கும். ஆல்ஜினேட் கசிந்து நீரின் கரிமச் சுமையைக் கூட்டும். கால்சியம் குளோரைடில் ஊறவைப்பது இக்கசிவைக் குறைக்கும். பதப்படுத்தாத தென்னை நார்க்கழிவு பழுப்பு நிறத்தை விடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிடிபட்ட உலோகத்தை மீட்கும். ஆனால் பொருளின் எடையும் கொள்ளளவும் சுற்றுக்குச் சுற்று குறையலாம். தீர்ந்த பொருளை எரித்தாலும் சாம்பலில் உலோகம் இருக்கும்; அதற்குப் பாதுகாப்பான முடிவு தேவை. சேகரிப்பு, உலர்த்தல், போக்குவரத்து ஆகிய செலவுகளைச் சேர்க்காமல் எதையும் மலிவானது என்று எழுதுவது சரியல்ல.

எனவே இத்துறைக் கட்டுரைகள் ஐந்து செய்திகளைக் கட்டாயம் தர வேண்டும்: உண்மைக் கழிவுநீரின் முழுப் பகுப்பாய்வு, வரம்புச் செறிவில் கிடைக்கும் கொள்ளளவு, தூணின் உடைப்பு வளைகோடு (வெளியேறும் நீரில் உலோகம் எப்போது தோன்றி எப்படிக் கூடுகிறது என்பது), பல சுற்று மீட்பின் முடிவு, தீர்ந்த பொருளின் கதி. இவை இருந்தால்தான் ஒரு பொறியாளர் பிசினோடும் செயலூட்டிய கரியோடும் ஒப்பிட்டுத் தேர்வு செய்ய முடியும்.