சக்கரத்தின் மேல் ஒரு வீடு



உங்கள் வீட்டுக்காரர் பென்சன் எடுத்த மறுநாள் காலை, தேநீர் குடித்துக்கொண்டே, "பிள்ளைகள் கரை சேர்ந்துவிட்டார்கள். வீட்டை விற்று ஒரு வண்டி வாங்கி, அதிலேயே குடியிருந்து ஊர் ஊராய்ப் போவோமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இப்படி வாழும் முதிய தம்பதிகள் ஏராளம். 1978இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற கணவனும் மனைவியும் இத்தகையோருக்காகவே 'எஸ்கேப்பீஸ்' என்றொரு சங்கம் தொடங்கினார்கள். தப்பியவர்கள் என்று பொருள்! எதிலிருந்து என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். வண்டிக்குள் கட்டில், காஸ் அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மலசலகூடத்துக்கு இன்னொன்று. நிறைந்ததைக் கொண்டுபோய்க் கொட்டுவது யார் வேலை என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அவர் பென்சன் எடுத்துவிட்டார். அடுப்படிக்குப் பென்சன் ஏது? அதுவும் நம்மோடு கூடவே வரும்.

ஆசைப்பட்டுப் போனவர்கள் மட்டுமல்ல. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர் வேன்களில் குடியேறி, கூலி வேலை தேடி ஊர் ஊராய் அலைந்தார்கள். ஜெசிக்கா புரூடர் 2017இல் 'நோமட்லேண்ட்' என்ற நூலில் அவர்கள் கதையை எழுதினார்.

வண்டியில் குடியிருப்பது நம் வன்னிக்கும் புதிதல்ல. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனங்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் நகர்ந்தார்கள். கிழவன் கிழவி எல்லாம் மூட்டைகளின் மேல். நின்ற இடத்தில் தறப்பாள், பக்கத்தில் பதுங்குகுழி. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணை வீச்சுக்கு ஆளாகி, 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் நோயாளர்களோடு புதுமாத்தளனுக்கு இடம் மாறியது.

அந்தப் பெட்டிகளில் என்ன ஏற்றினார்கள் தெரியுமா? நெல், தையல் இயந்திரம், கூரைத் தகரம், கதவு நிலை! ஓடுகிற ஓட்டத்தில் கதவு நிலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். திரும்பி வந்து வீடு கட்டத்தான். அவற்றில் எத்தனையோ வழியிலேயே போயின. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் பெண்களுக்கோ, அதைக் கழற்றவும் அவகாசம் கிடைக்கவில்லை.

ஆகவே சகோதரி, வீட்டை விற்கும் பேச்சு வந்தால் உறுதியை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? கிழக்கிலே பெரும்பாலும் வாப்பா மகளுக்குக் கொடுத்த வீடாக இருக்கும். மார்க்கப்படி மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. உங்கள் மனம் ஒப்பாமல் அதை விற்க அவருக்கு உரிமையில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். இரவில் அவருக்குக் கண் மங்கினால் வண்டியை யார் ஓட்டுவது? உங்களிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? மற்றது, சொல்லவே நா கூசுகிறது. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆனால் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் நிலை வந்தால், எந்த வீட்டில் இருப்பீர்கள்? பெட்ரோல் நிலையத்தின் ஓரத்திலா? எஸ்கேப்பீஸ் சங்கத்தாரே, ஓட்ட இயலாமற் போன முதியவர்கள் தம் வண்டியிலேயே தங்கிப் பராமரிப்புப் பெற, டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டனில் ஓர் இடம் அமைக்க வேண்டியதாயிற்று.

அதற்காக ஆசையைக் கொல்ல வேண்டாம். வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு வாடகை வண்டி எடுங்கள். நுவரெலியா, திருகோணமலை எல்லாம் பார்த்து வாருங்கள். சமையல் ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர். முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போவோம் என்று சொல்வது யார் என்று எனக்கும் எழுதுங்கள்.