பழைய வரைபடம், புதிய சாலை

காரிலேயே பொருத்தப்பட்டு வரும் வழிகாட்டிக் கருவி தவறான திருப்பத்தைக் காட்டும்போது பழி பெரும்பாலும் செயற்கைக்கோளின் மீது விழுந்தாலும், குறை பெரிதும் வரைபடத்தில்தான் உள்ளது. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கியதிலிருந்து, திறந்தவெளியில் வண்டியின் இருப்பிடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அறிய முடிகிறது. சுரங்கப்பாதையில் சமிக்ஞை அறுந்தாலும், சக்கரச் சுழற்சியையும் திசைமாற்றத்தையும் கொண்டு இடத்தைக் கணிக்கும் வசதி இத்தகைய கருவிகள் பலவற்றில் உண்டு. ஆனால் அந்த இடத்தைச் சாலையோடு பொருத்திக் காட்டும் வரைபடம், புதுப்பிக்கப்படாவிட்டால் நினைவகத்தில் பதிந்த நாளோடு உறைந்துவிடுவதால், மெட்ரோ ரயில் பணிகளுக்காகப் போக்குவரத்து அடிக்கடி மாற்றிவிடப்படும் சென்னை போன்ற நகரங்களில் விரைவிலேயே பயனிழக்கிறது. மேம்பாலமும் அதன் கீழுள்ள சாலையும் ஒரே கோட்டில் செல்லும் இடங்களில், வண்டி எதில் ஓடுகிறது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

காருக்குள் உள்ள கருவியானாலும் கைபேசிச் செயலியானாலும் ஆபத்து ஒன்றே. உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே 2024 நவம்பரில், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூவர் உயிரிழந்தபோது, செயலி காட்டிய வழியோடு, போதிய தடுப்பு வைக்காத அலுவலர்களின் அலட்சியமும் கேள்விக்குள்ளானது.

எனவே, காரின் ஆயுட்காலம் முழுவதும் வரைபடத்தை உற்பத்தியாளர்கள் இலவசமாகப் புதுப்பித்துத் தருவதையும், அதன் தேதியை விற்பனையின்போதே தெரிவிப்பதையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். சாலை மூடல்களை மின்னணு வடிவில் முன்கூட்டியே வெளியிடுவது நெடுஞ்சாலைத் துறைகளின் கடமையாக வேண்டும்.