சங்கீதம் இல்லாத கிரகம்

கீரமங்கலத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் நமக்கு நெடுநாளைய சிநேகிதர். புதுக்கோட்டைக்கு வரும்போதெல்லாம் நம் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்காருவார். காப்பியைக் குடித்துவிட்டு, ஏதேனும் ஒரு குறையை நம்மிடம் இறக்கி வைத்துவிட்டுப் போவார். சென்ற வாரமும் வந்தார். தென்னையில் வண்டு என்றோ, தேங்காய்க்கு விலை இல்லை என்றோ ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "ஐயா, எந்திரனுக்கு மூன்றாம் பாகம் வரும் என்று யாரோ சொன்னார்கள். வேண்டவே வேண்டாம் என்று உங்கள் பத்திரிகையில் எழுதுங்கள்" என்றார்.

ரஸிகரே படம் வேண்டாம் என்று மனுப்போடுகிற விந்தையை நாம் அன்றுதான் கண்டோம். விஷயத்தை விசாரித்தோம்.

2010-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி 'எந்திரன்' வெளியாயிற்று. நண்பர் தம் வயோதிகத் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்து பார்த்தார். பெரியவர் பி. யு. சின்னப்பாவின் பரம பக்தர். நம் புதுக்கோட்டை மண்ணில் 1916-ல் பிறந்த சின்னப்பா, 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேஷம் போட்டுத் தமிழ்நாட்டைப் பிரமிக்க வைத்தவர். 1944-ல் வந்த 'ஜகதலப்பிரதாப'னில், ஒரே கச்சேரியில் பாடுகிறவரும் அவரே, பக்க வாத்தியக்காரர்களும் அவரே! அதைச் சிறு பையனாகப் பார்த்த பெரியவர், எந்திரனின் முடிவில் நூற்றுக்கணக்கான ரஜினிகாந்துகள் பந்தாகவும் பாம்பாகவும் உருண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "சின்னப்பா அஞ்சு பேராக வந்து ஒரு கச்சேரியே செய்தார், இத்தனை பேர் வந்தும் ஒரு ராகம் பாடவில்லையே!" என்றாராம்.

ஆயினும் கடைசிக் காட்சியில் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நண்பர் சொல்லுகிறார். வாஸ்தவம்தான். அந்தப் படத்தின் ஜீவன் உருளும் பந்தில் இல்லை. தீ விபத்திலிருந்து ஒரு பெண்ணை இயந்திரம் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்தவளை அப்படியே ஊர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. மானம் தாங்காமல் ஓடியவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிர் இன்னதென்று கணக்கிடத் தெரிந்த யந்திரத்துக்கு மானம் இன்னதென்று தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்கப் போய்த்தான் மற்ற அனர்த்தங்கள் எல்லாம் விளைகின்றன. முடிவில் நியாயஸ்தலத்தின் உத்தரவுப்படி, சிட்டி என்னும் அந்த யந்திரம் தன் அங்கங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. விஞ்ஞானக் கதைகளால் தமிழ் வாசகர்களைக் கட்டிப்போட்ட சுஜாதா அதன் வசனத்தில் பங்கு கொண்டவர். படம் வெளிவருவதைக் காணாமலே 2008-ல் காலமாகிவிட்டார்.

எட்டு வருஷம் கழிந்தது. பெரியவர் போய்விட்டார். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் தரைமட்டமாயின. கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இது நடந்து பதின்மூன்றே நாளில், நவம்பர் 29-ந் தேதி, '2.0' என்ற இரண்டாம் பாகம் வெளியாயிற்று.

வேரோடு விழுந்த மரங்களின் நடுவே சினிமாவா என்று நேயர்கள் கேட்கலாம். நண்பரின் வீட்டில் அந்த வாரம் யாரும் யாரோடும் பேசவில்லையாம். எந்திரன் வந்த வருஷத்தில் பிறந்த அவர் பையன், எட்டு வயதுக்காரன், எந்நேரமும் வாசலில் உட்கார்ந்து விழுந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம். 'அப்பா என்னோடு உட்கார்ந்து பார்த்ததை நான் இவனோடு உட்கார்ந்து பார்ப்பேன்' என்று தீர்மானித்துக்கொண்டு, விளக்கு எரிகிற ஊரைத் தேடி இருவரும் புறப்பட்டார்கள்.

சிட்டியின் முகம் திரையில் தெரிந்ததும் நண்பர் எழுந்து நின்று விசில் அடித்தாராம். அடித்த விசிலின் சத்தம் அடங்குமுன்பே வருத்தம் வந்துவிட்டதாம். தன்னைத் தானே கழற்றி வைத்த சிட்டியைத் திருகாணி போட்டு மறுபடியும் முடுக்கிவிட்டார்களே, அப்படியானால் அன்று அப்பா விட்ட கண்ணீருக்கு என்ன அர்த்தம் என்பது அவருடைய முதல் கேள்வி. யாருக்காகச் சிட்டி அத்தனை பாடும் பட்டதோ அந்தச் சனா, இந்தப் படத்தில் வெறும் தொலைபேசிக் குரலாகத் தேய்ந்துவிட்டாளே என்பது இரண்டாவது. 500 கோடி ரூபாய்க்கும் மேல் செலவு என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு சொட்டுக் கண்ணீருக்கு அதில் இடம் இல்லையா என்பது மூன்றாவது.

நிற்க. இந்தத் துக்கம் கீரமங்கலத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் லூகாஸ் என்பவர் 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' என்ற படத்தை எடுத்தார். 1983-க்குள் மூன்று படங்கள் வந்தன. நான்காவதற்காக ரஸிகர்கள் 16 வருஷம் காத்திருந்தார்கள். 1999-ல் வந்த அந்தப் படம், அதுவரை ஒரு மாய சக்தியாக இருந்ததை, இரத்தத்தில் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு அளக்கலாம் என்று வியாக்கியானம் செய்தது. தெய்வத்துக்கு வைத்தியச் சீட்டு எழுதினது போலாயிற்று! 1983-ல் மாண்டுபோன சக்கரவர்த்தியை 2019-ல் ஒன்பதாவது படத்தில் எழுப்பிக் கொண்டுவந்தார்கள். கடல் கடந்த ரஸிகர்கள் கேட்டதும் நம் நண்பர் கேட்டதும் ஒரே கேள்விதான்: செத்தவர்கள் செத்தது பொய்யானால், நாங்கள் அழுததும் பொய்யா?

இங்கே நமக்கு ஒரு பழைய தமிழ்ப் படம் ஞாபகம் வருகிறது. 1963-ல் எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த 'கலை அரசி'. வேற்றுக் கிரகத்தார் விஞ்ஞானத்தில் தேர்ந்தவர்கள். ஆகாயக் கப்பல் ஓட்டுகிறவர்கள். ஆனால் அவர்களுக்குச் சங்கீதம் வராது. அதற்காகவே பூலோகத்துக்கு வந்து பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அன்று அதை வேடிக்கைக் கதை என்று எண்ணினவர்கள் உண்டு. தொடர்ந்து வருகிற விஞ்ஞானப் படங்களைப் பார்க்கும்போது, அது ஒரு தீர்க்கதரிசனமோ என்று தோன்றுகிறது. பாகத்துக்குப் பாகம் கப்பல் பெரிதாகிறது, சங்கீதம் குறைகிறது.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி, "உங்கள் கட்சியே நம் கட்சி, எழுதிவிடுகிறோம்" என்றோம். பிறகு ஒரு சந்தேகம் எழுந்தது. "பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டோம்.

நண்பர் சற்றுத் தயங்கினார். "அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஐயா" என்றார்.

2.0-வின் கதை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்ஷிராஜன் என்ற முதியவர், கைபேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் அழிகின்றன என்று மன்றாடிப் பார்த்து, யாரும் செவி சாய்க்காமல் போகவே கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். பிறகு அவர் ஆவி ஊரிலுள்ள கைபேசிகளை எல்லாம் பறக்கவைத்துப் பழி வாங்குகிறது. அலைகளால்தான் பறவைகள் மடிகின்றன என்பது விஞ்ஞானிகள் நிரூபித்த சங்கதி அன்று. படம் அதை வேதவாக்காகச் சொன்னது குறைதான்.

பையன் அன்றிரவு இருட்டில் வீடு திரும்பினபோது கேட்டானாம்: "அப்பா, நம்ம ஊரிலே பத்து நாளாய்ப் போனே வேலை செய்யவில்லையே. அப்படியானால் குருவி எல்லாம் திரும்பி வந்திருக்க வேண்டுமே, ஏன் காணோம்?"

நண்பர் பதில் சொல்லவில்லையாம். விழுந்து கிடந்த தென்னைகளின் பக்கம் கையை மட்டும் காட்டினாராம். பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அவை உட்கார மரம் இல்லை" என்றானாம். புதுக் கன்று நட்ட அன்று முதல் குழி அவன் தோண்டியதாம்.

நேயர்களே, ஒரு படம் சொன்னதை நம்பாமல் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே விஞ்ஞானம்? நமக்குக் கேட்காத சங்கீதம் அந்த எட்டு வயதுக் காதில் எப்படியோ விழுந்திருக்கிறது. தாத்தாவுக்குச் சின்னப்பா, தகப்பனாருக்கு எந்திரன், பிள்ளைக்கு 2.0. அவரவர் முதன்முதலில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததே அவரவருக்குக் காவியம்.

ஆகையால், நண்பரின் மனுவைப் பாதிதான் ஏற்றுக்கொள்கிறோம். மூன்றாம் பாகம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. எடுக்கிறவர்கள் கழற்றி வைத்ததை மறுபடி பூட்டாமல், ஒரு புதுக் கன்று நட்டால் போதும். நண்பருடைய தோப்பில் அப்படி நட்டவை இப்போது காய்த்துக்கொண்டிருக்கின்றன.