மேசையில் என்ன பரம ரகசியம்?

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

வித்தையை ஒளித்துவைத்து வாழ்வோர் எல்லாத் துறைகளிலும் உண்டு. அவர்களை நான் கண்கூடாகக் கண்ட இடம் ஒரு பூல் ஆட்டக் கூடம். "கல்லூரி மலரில் எழுத வேறு பொருளே அகப்படவில்லையா?" என்று பேராசிரியப் பெருமக்கள் புருவம் உயர்த்த வேண்டாம். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை அங்கே மார்க்கராக வேலை பார்த்துத்தான் என் விடுதிக் கட்டணத்தைக் கட்டி வருகிறேன். பந்துகளை அடுக்குவது, மேசைத் துணியைத் தூரிகையால் துடைப்பது, நேரக் கணக்கு எழுதுவது ஆகியவை என் பணி. எனவே கேள்விப்பட்டதை அல்ல, பார்த்ததை எழுதுகிறேன்.

பூல் அறியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு குழிகள் கொண்ட மேசை. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அது மற்றொரு பந்தைத் தட்டிக் குழியில் வீழ்த்த வேண்டும். கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கேரமில் நம் முறை வரும்போதெல்லாம் ஸ்டிரைக்கரை எடுத்து நம் கோட்டில் வைத்துக்கொள்கிறோம். பூலிலோ, வெள்ளைப் பந்து ஓடி நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. ஆகவே குழியில் போடுவது பாதி ஆட்டம். வெள்ளையை வேண்டிய இடத்தில் நிறுத்துவது மறு பாதி. இந்த மறு பாதியைத்தான் மறைக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் நன்றாக ஆடுவோர் நால்வர். கோப்பையும் இல்லை, பரிசும் இல்லை. தோற்றவர் மேசை வாடகையைக் கட்ட வேண்டும், அவ்வளவே. அந்த வாடகை மணிக்கு 150 ரூபாய். அந்த நால்வரில் ஒருவர், பந்தின் எந்த இடத்தில் அடிக்கிறார் என்று பிறர் கண்டுவிடாதபடி முதுகைக் காட்டி நின்று ஆடுவார். பாலிடெக்னிக் பையன் ஒருவன் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணே, வெள்ளை எப்படி மோதின இடத்துலயே நின்னுச்சு?" அண்ணன் சிரித்தார். "அதெல்லாம் கை பழகணும் தம்பி." அத்துடன் பாடம் முடிந்தது.

அவன் கேட்டதற்கு விடை நம் இயக்கவியல் பாடத்திலேயே இருக்கிறது. சம நிறையுள்ள இரு பந்துகள் நேருக்கு நேர் மோதினால், வந்த பந்து தன் வேகத்தை எல்லாம் நின்ற பந்துக்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். சாய்வாக மோதினால் இரண்டும் ஏறத்தாழச் செங்கோணத்தில் பிரியும். ஒரே நிபந்தனை: மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து உருளாமல் வழுக்கி வர வேண்டும். உருண்டு வந்தால், எஞ்சிய சுழற்சி அதை முன்னே இழுத்துச் செல்லும். ஆகவே நடுவுக்குச் சற்றுக் கீழே அடிக்கிறார்கள். தூரம் கூடக் கூட இன்னும் கீழே. ஏனெனில், வழியில் துணியின் உராய்வு அந்தப் பின்சுழற்சியைத் தின்றுவிடுகிறது. திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனில் வரும் 'ஐந்தில் இரண்டை' மனப்பாடம் செய்தோமே, அதுவும் இங்கே உயிர் பெறுகிறது. மையத்துக்கு மேலே ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் கிடையாக அடித்தால், பந்து தொடக்கத்திலிருந்தே வழுக்காமல் உருளும். 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள பூல் பந்துக்கு அது மேசையிலிருந்து 40 மில்லிமீட்டர். இதற்கா முதுகைக் காட்டுவது?

இந்த ஒளிப்பு நம் ஊரில் தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கோலின் முனையில் தோல் ஒட்டினார். அதன்பின்தான் பந்தை விரும்பியபடி சுழற்ற முடிந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் கார் என்ற மார்க்கர், சுழற்சியின் சூட்சுமம் தம்மிடமுள்ள தனிப் பொடியில் இருக்கிறது என்று சொல்லி அதை விற்றதாக பில்லியர்ட்ஸ் வரலாற்றில் சொல்லப்படுகிறது. டப்பாவில் இருந்தது சாதாரணச் சுண்ணப் பொடி! அவரும் என்னைப் போல் மார்க்கர்தான். அதனாலோ என்னவோ, அவர்மீது எனக்குக் கோபம் வர மறுக்கிறது. அது அவர் பிழைப்பு. மிங்கோவோ 1827இல் தம் அடிகளைப் படம் போட்டு நூலாகவே வெளியிட்டார். 1835இல் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் பில்லியர்ட்ஸ் பந்தின் சுழற்சி, உராய்வு, மோதல் அனைத்தையும் கணிதமாக எழுதி அச்சிட்டார். அவர் பெயர் கோரியாலிஸ். ஆம், 'கோரியாலிஸ் விசை' என்று தேர்வில் எழுதுகிறோமே, அவரேதான். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாக நூலில் இருப்பதைத்தான் எங்கள் அண்ணன் மறைத்து வைத்திருக்கிறார்.

"நான் தானாகக் கற்றேன், அவனும் அப்படியே கற்கட்டும்" என்பது அவர்கள் வாதம். கேட்க வீரமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஓர் அடி கைவர நாற்பது மணி நேரம் பிடித்தது என்று அண்ணனே பெருமையாகச் சொல்வார். நாற்பது மணிக்கு 6,000 ரூபாய். மூட்டை தூக்கும் என் தந்தைக்கு அது பத்து நாள் கூலி. தானாகக் கற்பது பணமுள்ளவனுக்குப் பொழுதுபோக்கு. இல்லாதவனுக்கு அது மூடிய கதவு. கைபேசியில் காணொளிகள் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன, பெரும்பாலும் வேகமான ஆங்கிலத்தில். நம் முழங்கை விலகுவதை அவை பார்த்துத் திருத்துவதில்லை.

சொல்லிக் கொடுத்தால் தோற்றுவிடுவோம் என்ற அச்சமும் வீண். மேலே எழுதிய விவரம் அனைத்தும் தெரிந்த நான், இன்றும் அந்த அண்ணனிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கை அவருடையது. அதை யாரும் களவாட முடியாது. ஆனால் நால்வரும் தங்களுக்குள்ளேயே ஆடி ஆடி, சென்ற ஆண்டு பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே திரும்பினார்கள். அங்கே அவர்களுக்கு எதிரே நின்றவர்கள், நல்ல ஆட்டக்காரர் பலரோடு ஆடிப் பழகியவர்கள்.

ஆட்டத்தின் நடுவே எதிரிக்கு வழி சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்காதவனுக்குப் போதிப்பதும் தொல்லைதான். தெருவில் கேரம் பலகையைச் சுற்றி நிற்பவர்களின் வாய் ஓயாத தொல்லை நாமெல்லாம் அறிந்ததே. ஆட்டம் முடிந்து, ஒருவன் வாய்விட்டுக் கேட்டபின் மறைப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம்? எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' என்றொரு நுழைவுத் தேர்வு உண்டு. சென்ற ஆண்டு ஒரு மூத்த மாணவர் அதற்கு ஓசையின்றி விண்ணப்பித்தார். உடன் படித்தோர் கேட்டபோது கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதும் தேர்வில், பக்கத்து இருக்கைக்காரன் ஒருவன் குறைந்ததால் அவருக்கு என்ன லாபம்? அவரும் முதுகைக் காட்டி நின்று ஆடியவர்தான்.

பாலிடெக்னிக் பையனுக்குக் கடை அடைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் நான் சொல்லித் தந்தேன். முதலாளி விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். இப்போது அவன் மேசை விளிம்பில் பட்டுத் திரும்பும் கோணங்களைப் பற்றிக் கேட்கிறான். எனக்கே சரியாகத் தெரியாததால் இருவருமாக அளந்துகொண்டிருக்கிறோம். ஜாம் விண்ணப்ப நாட்கள் வந்ததும் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். ஒட்டியதை யாரும் கிழிக்காமல் இருந்தால் சரி.