கல்லாப்பெட்டியின் சாவி யார் கையில்?



கல்லாப்பெட்டியின் சாவியை நம் வியாபாரிகள் யாரிடமாவது கொடுப்பார்களா? கூடப்பிறந்த தம்பியிடம் கொடுக்கவே பத்து முறை யோசிப்பார்கள். ஆனால் இணையத்தில் கடை போட்டதும், முகமே தெரியாத ஒரு நிறுவனத்திடம் கல்லாவையே தூக்கிக் கொடுத்துவிட்டு, "இலவசமாம், ஐந்து நிமிடத்தில் கணக்கு திறக்கலாமாம்" என்று மகிழ்ந்து போகிறார்கள். வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி உங்களிடம் சேர்க்கும் அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் பேமெண்ட் கேட்வே.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் சகோதரிகள், வீட்டிலிருந்தே புர்கா தைத்து விற்பவர்கள், அத்தரும் மார்க்க நூல்களும் தபாலில் அனுப்புபவர்கள் என்று நம்மவர் பலருக்கு, தரகர் இல்லாமல் வாங்குபவரோடு நேரடியாகப் பேச இன்று வழி பிறந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்! பழைய தரகர் வெளியேறிய வாசல் வழியாகப் புதிய தரகர் நுழைவதை நாம் வேடிக்கை பார்க்கலாமா?

பணம் எங்கே நிற்கிறது?

வாடிக்கையாளர் கட்டிய பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. இடையில் ஒருவர் வாங்கி வைத்து, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, பெரும்பாலும் சில வேலைநாட்கள் கழித்தே மீதியை அனுப்புகிறார். அதுவரை அது உங்கள் உழைப்பு. ஆனால் அவர் கையில்!

இதனால்தான் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று இந்தத் தொழிலுக்கு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. தொழில்நுட்ப வசதி மட்டும் தருபவர் கேட்வே என்றும், வியாபாரியின் பணத்தையே வாங்கி வைப்பவர் பேமெண்ட் அக்ரிகேட்டர் என்றும் பிரித்தது. வங்கி அல்லாத அக்ரிகேட்டர் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு இருக்க வேண்டும். வியாபாரிகளின் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும். புகார் கேட்கும் அதிகாரி யார் என்பதை இணையதளத்தில் வெளியிட வேண்டும். 2025 செப்டம்பரில் இந்த விதிகள் தொகுத்துப் புதுப்பிக்கப்பட்டன. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டோம்?

"பெரிய கம்பெனி, ஒன்றும் ஆகாது" என்பார்கள். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற பெரிய நிறுவனங்களே 2022 டிசம்பர் முதல் ஓராண்டு காலம் புதிய வியாபாரிகளைச் சேர்க்க முடியாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. 2023 டிசம்பரில்தான் அனுமதி பெற்று மீண்டும் சேர்க்கத் தொடங்கின. பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியில் 2024 மார்ச் 15க்குப் பிறகு புதிதாகப் பணம் போட முடியாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டபோது, அந்த வங்கிக் கணக்கை மட்டுமே நம்பியிருந்த கடைக்காரர்கள் வேறு வங்கி தேடி ஓட வேண்டியதாயிற்று. பெயர் பெரியது என்பது பாதுகாப்பு ஆகாது. ஒரே வாசலை நம்பிக் கடை கட்டாதீர்கள்!

இலவசம் யாருக்கு?

கணக்கு திறப்பது இலவசம்தான். விற்கும்போதுதான் கத்தி விழுகிறது. ஆயிரம் ரூபாய் பாய் ஒன்றுக்கு 2 சதவீதம் கட்டணம் என்றால் 20 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு. நூறு பாய் விற்றால் 2,360 ரூபாய் போய்விடும். வாங்கியவர் பாயைத் திருப்பி அனுப்பினால் பணத்தை நீங்கள் முழுதாகத் திருப்ப வேண்டும். கேட்வே பிடித்த கட்டணமோ பெரும்பாலும் திரும்பி வராது!

யுபிஐ மூலமும் ரூபே டெபிட் அட்டை மூலமும் வரும் பணத்துக்கு வியாபாரியிடம் எம்டிஆர் கட்டணம் வாங்கக்கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆனாலும் "பிளாட்பாரம் கட்டணம்" என்று பெயரை மாற்றிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து, பத்து ஆர்டர் மட்டும் வரும் சகோதரிக்குக் கேட்வே எதற்கு? தன் வங்கியின் கியூஆர் அட்டையே போதும். பணம் நேராகத் தன் கணக்கில் விழும். இணையக் கடையில் ஆர்டர் தானாகப் பதிவாக வேண்டும், கிரெடிட் கார்டு வாங்க வேண்டும், வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வாங்குபவர் வேண்டும் என்ற நிலை வரும்போது கேட்வே தேடுங்கள். வெளிநாட்டு அட்டைக்குக் கட்டணம் இன்னும் கூடுதல் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்வாசல் வழியே வட்டி!

இதுதான் வேதனையிலும் வேதனை. ஆறு மாதம் வியாபாரம் நடந்ததும் அலைபேசியில் ஒரு செய்தி வரும். "உங்களுக்கு இரண்டு லட்சம் கடன் தயார், ஆவணம் வேண்டாம், தினசரி விற்பனையில் பிடித்துக்கொள்வோம்." உங்கள் விற்பனை முழுவதும் அவர்கள் கண் முன்னால் நடக்கிறது, எப்போது உங்களுக்குப் பணமுடை என்பதும் அவர்களுக்குத் தெரியும். கந்துவட்டிக்காரன் கதவைத் தட்டினால் விரட்டுகிற நாம், அவனே கைப்பேசிக்குள் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே விடுகிறோம்! வட்டி ஹராம் என்று ஓதிக்கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தக் காசில் சோறு போடலாமா? உங்கள் பணத்தை உங்களுக்கே இன்றைக்கே தருவதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்களே, அதன் மார்க்கத் தீர்ப்பு என்ன? உலமாக்கள் இதைப் பற்றி மிம்பரில் பேச வேண்டாமா?

கையெழுத்துக்கு முன்...

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். அந்த வேதத்தின் சமுதாயம் ஒப்பந்தத்தைப் படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்துவது எவ்வளவு பெரிய முரண்! எத்தனை நாளில் பணம் வரும்? எந்தக் காரணம் சொல்லி நிறுத்தி வைப்பார்கள்? அட்டைக்காரர் "நான் வாங்கவில்லை" என்று தன் வங்கியில் முறையிட்டால் உங்கள் பணத்தைப் பிடிப்பார்களே, அப்போது என்ன சான்று கேட்பார்கள்? இவற்றை எழுத்தில் பாருங்கள். கூரியர் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சகோதரியின் வியாபாரத்துக்கு மச்சானின் கணக்கு வேண்டாம். உங்கள் கணக்கையும் யாருக்கும் இரவல் தராதீர்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பி.காம் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மாதம் ஒரு ஞாயிறு அவர்களை உட்கார வைத்து, வருபவரின் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லச் செய்தால் என்ன குறைந்துவிடும்? தமிழ்நாட்டில் வியாபாரம் செய்பவரிடம் தமிழில் ஒப்பந்தம் கொடு என்று அரசிடமும் ரிசர்வ் வங்கியிடமும் நாம் உரத்துக் கேட்க வேண்டாமா?

ஹலாலான உழைப்பு ஹலாலாகவே வீடு வந்து சேர வேண்டும். சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்!