முதலில் கிராண்ட், அப்புறம் கோபுரம்

பாயான் பாருவில் நம்ம கோயில் நிதியில் கோபுரம் கட்டலாம்னு பலர் சொல்றாங்க. தொண்டர்கள் நாங்க சொல்றது, முதலில் நிலம் வாங்குவோம்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதி தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்துக்கு 130 வயசு. அது இருந்த நிலத்தை 2014-இல் மாநகர் மன்றம் தனியாருக்கு வித்தது. 2025 மார்ச்சில் ஆலயம் இடம் மாற ஒத்துக்க வேண்டியதாச்சு. எத்தனை தலைமுறை கும்பிட்டாலும், சட்டம் கேட்கிறது கிராண்டில் யார் பேருன்னுதான்.

வாங்குமுன் நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கணும்: உரிமை யாருக்கு, அடமானம் இருக்கா, விவசாய நிலமா, கட்டட நிலமா. கிராண்டை தனி ஆள் பேர்ல போடவே கூடாது.

கோபுரம் தாமதமானா அம்மன் கோவிச்சுக்க மாட்டாள். நிலம் போனா, நம்ம பிள்ளைங்க எங்கே விளக்கேத்துவாங்க?