ஸ்டூடியோ போச்சு, கோடம்பாக்கம் போகலை!

பூந்தமல்லி அருகே சுமார் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2024 ஜனவரியில் அறிவித்தது.

நல்ல திட்டம். வரட்டும்!

ஆனால் கட்டிடம் எழும்பிவிட்டால் தொழில் தானாக வந்து உட்கார்ந்துவிடுமா?

உட்காராது என்கிறது ஆராய்ச்சி.

காற்றிலே கலந்த வித்தை

ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890-லேயே இதைப் பற்றி எழுதினார். ஒரே தொழில்காரர்கள் ஒரே வட்டாரத்தில் கூடி வாழ்ந்தால், தொழில் ரகசியம் பூட்டி வைத்த ரகசியமாக இருக்காது, காற்றோடு கலந்துவிடும், சின்னப் பிள்ளைகள்கூடத் தெரியாமலே கற்றுக்கொள்ளும் என்றார்.

ஹாலிவுட்டைப் பாருங்கள். 1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் தியேட்டர்களை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. டெலிவிஷனும் சேர்ந்து அடித்தது. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

ஊரை விட்டா போனார்கள்? இல்லை! அங்கேயே சின்னச் சின்ன கம்பெனிகளாகப் பிரிந்து பிழைத்தார்கள். சூசன் கிறிஸ்டோபர்சன், மைக்கேல் ஸ்டார்ப்பர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1986-ல் இதை விளக்கி எழுதினார்கள்.

காரணம் லேசானது. படத்துக்குப் படம் ஆள் சேர்க்கிற தொழில் இது. ஒரு படம் முடிந்தால் அடுத்த வேலையை யாராவது காதில் போடவேண்டும். பக்கத்தில் இருந்தால்தானே போடுவாங்க?

நம்ம ஊர்க் கதை

கோடம்பாக்கத்தின் கதையும் அதேதான்.

காரைக்குடியிலிருந்து ஏவி.எம். இங்கே வந்தது 1948-ல். பிறகு விஜயா-வாகினி, பிரசாத் என்று வரிசையாக வந்தன. விஜயா-வாகினி இருந்த இடத்தில் இன்று ஆஸ்பத்திரியும் வணிக வளாகமும் நிற்கின்றன. ஜெமினி ஸ்டூடியோவோ, பாலத்தின் பேரில்தான் மிச்சம்!

ஆனால் தொழில் போகலையே! வடபழனியிலும் சாலிகிராமத்திலும் டப்பிங் தியேட்டர், எடிட்டிங் ரூம், சினிமா கம்பெனி எல்லாம் அக்கம்பக்கம். டீக்கடையில் நிற்கிற லைட்மேனிடம், "நாளைக்கு காலையில ஆறு மணிக்கு வந்துடுப்பா" என்றால் வேலை முடிந்தது. உதவி டைரக்டர் கதை சொல்லப் போவதும் நடந்தேதான்.

இதை எந்த என்ஜினீயர் பிளான் போட்டுக் கட்ட முடியும்?

தரமணி சொல்லும் பாடம்

1994-ல் தரமணியில் அரசே பிலிம் சிட்டி அமைத்தது. சூட்டிங் நடந்தது. ஆனால் டப்பிங்காரரும் எடிட்டிங்காரரும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே குடிபோகவில்லை. 2000-ல் பக்கத்தில் டைடல் பார்க் வந்தது. கம்ப்யூட்டர் தொழில்தான் அந்தப் பக்கம் தழைத்தது.

"தெலுங்கு சினிமா ஐதராபாத்துக்குப் போகலையா?" என்று கேட்கலாம். போனது. ஆனால் ஒரே நாளில் அல்ல. முதலில் நடிகர்கள், பிறகு 1976-ல் நாகேஸ்வரராவின் அன்னபூர்ணா ஸ்டூடியோ என்று ஆட்கள் குடியேறிய பிறகே, 1996-ல் ராமோஜி பிலிம் சிட்டி வந்தது. முதலில் மனுஷன், அப்புறம்தான் மதில்!

செய்யவேண்டியது என்ன?

கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ பாதை, கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வழியாகத்தான் போகிறது. பழைய இடத்தையும் புதிய இடத்தையும் இணைக்கும் பாதை. நல்ல வாய்ப்பு!

ஆனால் மெட்ரோ வரும் இடத்தில் வாடகையும் ஏறும். தினப்படி பேட்டாவை நம்பி வாழ்கிறவர் எங்கே போவார்? அவர் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டால், டீக்கடை வாசலில் கிடைத்த வேலையும் போச்சு.

ஆகவே திரைப்பட நகரத்தில் தளங்களோடு தொழிலாளர் குடியிருப்பும் வேண்டும். சின்ன கம்பெனிகளுக்குக் குறைந்த வாடகையில் அறை வேண்டும். சூட்டிங் முடிந்து நள்ளிரவில் திரும்புகிற துணை நடிகைக்குப் பஸ் வேண்டும். கோடம்பாக்கத்திலும் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு வழி காணவேண்டும்.

500 கோடியில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கினால், பூந்தமல்லி இன்னொரு கோடம்பாக்கம் ஆகும். இல்லையென்றால் இன்னொரு தரமணிதான்!